தெருட்டுதலும் வெருட்டுதலும்

(கரவெட்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



அரசியற் கூட்டத்தில் இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழைப் பற்றிப் பேச வந்தவன் அரசியலை ஏன் இழுக்கின்றான் என்று வேறு சிலர் குறைப்படக்கூடும். இரு சாராரையும் சிறிது பொறுத்திருக்குமாறு வேண்டுகின்றேன். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஒரேயொரு சொல். அது தமிழ்ச் சொல்லுமன்று. "கொன்வின்ஸ்" என்னும் ஆங்கிலச் சொல்லே அது.

நெல்லியடிச் சந்தியில் ஒரு நாழிகை நின்று செவிகொடுத்துப் பாருங்கள். "தகப்பனைக் கொன்வின்ஸ் பண்ணியாச்சு, இனிக் கலியாணத்துக்குத் தடையில்லை" என்பார் ஒருவர். "அந்த ஒழுங்கை முழுவதையும் கொன்வின்ஸ் பண்ணிப்போட்டம்" என்பார் தேர்தல் வேலை செய்யும் தம்பி ஒருவர். காணித் தரகர் சொல்வதும் அதுவே. பிள்ளையைப் பிறநாட்டுக்கு அனுப்பித் தருகின்றேன் என்று பணம் கேட்கும் முகவர் சொல்வதும் அதுவே. பிறமொழிச் சொல் வந்து புகுந்துவிட்டதே என்று ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொற்கள். பொருள் வந்தது, பெயரும் உடன் வந்தது. அவற்றால் நமக்கு யாதொரு கேடுமில்லை. ஆனால் ஒருவரை நம் கருத்துக்கு உடன்படச் செய்வது கப்பலில் வந்திறங்கிய சரக்கா? மனிதன் மனிதனோடு பேசத் தொடங்கிய நாளிலிருந்து உள்ள தொழில் அது. அதற்குத் தமிழில் ஒன்றல்ல, பல சொற்கள் இருக்கின்றன. அத்தனை சொற்களும் இருந்த இடத்தில் இப்போது ஒரு சொல் உட்கார்ந்திருக்கின்றது. அதனால் நமக்கு நேர்ந்த நட்டம் யாது என்பதே என் கேள்வி.

முன்னே சொன்ன அந்தத் தகப்பனையே எடுத்துக்கொள்வோம். அவர் எவ்வாறு சம்மதித்தார்? தாயார் மூன்று நாள் அழுது, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாரென்றால், அதற்குப் பெயர் மனத்தைக் கரைத்தல். மாப்பிள்ளைக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது என்று மாமனார் இல்லாததைச் சொல்லியிருந்தால், அதற்குப் பெயர் பேய்க்காட்டுதல். பெண் கிணற்றடியைக் காட்டிப் பேசியிருந்தால், அது வெருட்டுதல். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "நீ வளைக்காவிட்டால் முறியும்" என்று சொல்லி வாயை அடைத்திருந்தால், அது மடக்குதல். ஒருவர் வந்து, பையனின் படிப்பு இது, தொழில் இது, கடன் இவ்வளவு, குணம் இத்தகையது, உங்கள் அச்சம் இந்த இடத்தில் நியாயமானது, இந்த இடத்தில் நியாயமற்றது என்று உள்ளதை உள்ளபடி எடுத்து வைத்திருந்தால், அது விளங்கப்படுத்துதல். ஐந்தும் ஐந்து செயல்கள். ஒன்று பாசத்தைப் பயன்படுத்துவது, ஒன்று பொய், ஒன்று அச்சுறுத்தல், ஒன்று அதிகாரம், ஒன்றுதான் அறிவோடு அறிவு பேசுவது. "தகப்பனைப் பேய்க்காட்டிச் சம்மதம் வாங்கினோம்" என்று எவரும் சந்தியில் நின்று பெருமை பேசமாட்டார், நாக்குக் கூசும். "கொன்வின்ஸ் பண்ணினோம்" என்று சொல்லும்போது நாக்குக் கூசுவதில்லை. கூச்சத்தை நீக்கித் தருவதே அந்தச் சொல்லின் வேலையாகிவிட்டது. இதையே நட்டம் என்கின்றேன்.

ஆங்கிலத்தின்மேற் பழி சொல்லவில்லை. ஆங்கிலேயனுக்கு அச்சொல்லின் வேர் தெரியும், எல்லை தெரியும். நமக்கு வந்தபோது அது வேரும் எல்லையும் இழந்து வந்தது.

இனி இலக்கணத்துக்கு வருகின்றேன், நீளாது. தன்வினை, பிறவினை என்று பள்ளியிற் படித்திருப்பீர்கள். திருந்து என்பது தன்வினை. திருத்து என்பது பிறவினை. அடங்கு, அடக்கு. இணங்கு, இணக்கு. நடுவே நின்ற மெல்லெழுத்து வல்லெழுத்தாகின்றது, செய்பவன் மாறுகின்றான். தேறு என்பது தேற்று ஆகும். உணர் என்பது உணர்த்து ஆகும். தெருள் என்பது தெருட்டு ஆகும். தெருள் என்றால் தெளிவு. தெருட்டுதல் என்றால் மற்றொருவன் தெளிவடையுமாறு செய்தல். நான் தேடிய சொல் இதுதான். பழைய நூல்களிலும் அகராதியிலும் இருக்கின்றது. ஆனால் நம்முள் எவர் அதை வாயால் சொல்கின்றோம்? எவருமில்லை. அதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் உண்டு. வெருள் என்பதிலிருந்து பிறந்த வெருட்டு. வெருள் என்றால் அச்சம். வெருட்டு என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக் குழந்தை பேசத் தொடங்கிய மறுவருடமே அறிந்துகொள்கின்றது. ஓரெழுத்து வேறுபட்ட இரண்டு சொற்கள். ஒன்று அகராதியில் உறங்குகின்றது, மற்றது முற்றத்தில் நடமாடுகின்றது. சொல் வழங்காமற் போனதற்கும் செயல் வழங்காமற் போனதற்கும் தொடர்பு உண்டா என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். எனக்கு ஐயம் உண்டு.

பிறவினையின் இயல்பு ஒன்றைக் கவனியுங்கள். "அவனை இணக்கினேன்" என்று நான் சொல்வது உண்மையாவதற்கு, "அவன் இணங்கினான்" என்பது முதலில் உண்மையாக வேண்டும். இணங்குதல் அவன் செயல், என் செயலன்று. ஆதலால் இணங்க மறுக்கும் உரிமை அவனிடம் இருக்கும்வரைதான் இணக்குதல் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. மறுத்தால் அடி விழும் என்ற இடத்தில் தலையசைத்தவன் இணங்கவில்லை, அடங்கினான். நம் பழமொழிகளைப் பாருங்கள். அடிமேல் அடிவைத்தால் அம்மியும் நகரும் என்கின்றோம். ஆடுகிற மாட்டை ஆடிக்கற, பாடுகிற மாட்டைப் பாடிக்கற என்கின்றோம். விடாமுயற்சிக்கும் சாமர்த்தியத்துக்கும் இவை நல்ல பழமொழிகளே. ஆனால் அம்மிக்குச் சம்மதம் என்று ஒன்றில்லை. கறந்த பால் யார் வீட்டுக்குப் போகின்றது என்று மாடு கேட்பதில்லை. எதிரே நிற்பவர் அம்மியுமல்லர், மாடுமல்லர் என்பதை நினைவூட்டும் பழமொழியைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.

வள்ளுவர் இதை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு அதிகார முறையே சான்று. பொருட்பாலில் அமைச்சு என்ற அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். சொல்வன்மையை அடுத்து வினைத்தூய்மையை வைத்தார். நாவன்மை உடையவன் கையும் தூயதாக இருக்கவேண்டும் என்று அம்முறைக்குப் பொருள் கொண்டால் அது மிகையாகாது. நம் மேடைகளில் முதலிரண்டு அதிகாரங்களும் நன்றாகவே அரங்கேறுகின்றன.

யாழ்ப்பாணம் பேச்சுக்குப் பேர்பெற்ற நாடு. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னர் கோவிலிற் புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கேட்போரை நேர்நோக்கி, ஏன் என்று காரணம் காட்டிப் பேசும் முறையை அவர் பாதிரிமாரிடம் கண்டு, அவர்களுக்கு எதிராகவே கையாண்டார். கேட்பவன் காரணம் கேட்கத் தகுந்தவன் என்ற மதிப்பு அம்முறைக்குள்ளே இருக்கின்றது. ஆனால் அதே காலத்தில் கண்டனம் என்ற மற்றொரு கலையும் இங்கே செழித்தது. கண்டனத்தைப் படித்துக் கண்டிக்கப்பட்டவர் மனம் மாறினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அது நம்மவரை மகிழ்விப்பது, எதிராளியை இணக்குவதன்று. அன்றிலிருந்து இன்றுவரை நம் அரசியற் பேச்சில் பிரசங்கம் குறைந்து கண்டனம் மிகுந்து வந்திருக்கின்றது என்பது என் கணிப்பு.

அரசியலுக்கு வந்துவிட்டேன். நம்மவர் இணக்க முயன்றது யாரை என்று சிறிது கணக்குப் பார்ப்போம்.

1931ஆம் ஆண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கேட்டது. போட்டியிட எண்ணியிருந்தவர்கள்கூட நியமனப் பத்திரம் கொடாது விட்டார்கள். பருத்தித்துறை உள்ளிட்ட வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. தடியெடுத்து எவரும் தடுத்ததால் அவை வெறுமையாகவில்லை. பேச்சினாலும் எழுத்தினாலும் ஆயின. அவ்வளவில் அது இணக்குதலே. ஆனால் 1934இல் இடைத்தேர்தல் நடந்து அவ்வாசனங்கள் நிரம்பின. யாழ்ப்பாணத்தை இணக்கியவர்கள் தென்னிலங்கையை இணக்க இயலாது போயினர். தென்னிலங்கை தேர்தலில் நின்றது, நாம் வெளியே நின்றோம்.

1944ஆம் ஆண்டு டிசெம்பரில் சோல்பரி ஆணைக்குழு வந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கையை அதன்முன் எடுத்து வாதிட்டார். இந்நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞருள் ஒருவர். வாதத்தின் திறத்தில் குறையில்லை. ஆணைக்குழு ஏற்கவில்லை. அந்தக் கோரிக்கை சரியா, பிழையா என்பது இன்றைய பொருளன்று. அத்தனை நாவன்மையும் லண்டனிலிருந்து வந்த மூவரை நோக்கிச் சென்றது என்பதே நான் சுட்டவந்தது. அம்மூவரும் ஊர் திரும்பினர். அடுத்த வீட்டுக்காரன் அடுத்த வீட்டிலேயே இருந்தான். நீதிபதியை இணக்குவது வழக்கறிஞர் தொழில். அயலவனை இணக்குவது அரசியல். முன்னதில் நாம் வல்லவர்கள். அயலவனுக்குக் கேட்கும் செவி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தோருக்கு விழுந்த அடி அதற்கு ஒரு பகுதி விடை.

அந்த 1956ஆம் ஆண்டிலேதான் வடமராட்சி மக்கள் பொன். கந்தையா அவர்களைப் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அத்தேர்தலில் வடக்கிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் தெரிவானவர் அவர் ஒருவரே. சைவமும் சாதியும் ஊறிய மண்ணில் ஒரு கம்யூனிஸ்டுக்கு வாக்குச் சேர்வதென்றால், அங்கே எவரோ எவருக்கோ திண்ணையில் இருந்து விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். பாராளுமன்றத்திலே அவர் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் சட்டம் நிறைவேறியது. பெரும்பான்மை வாக்கு ஒரு சட்டத்தை நிறைவேற்றும்; அச்சட்டத்தாற் பாதிக்கப்படுவோரை அது இணக்கியதாகாது. எண்ணியதும் இணக்கியதும் ஒன்றென நினைத்த ஆட்சியாளர் பின்னர் எத்தனை சட்டம் இயற்றினர், எத்தனை சட்டம் திருத்தினர்!

பண்டா–செல்வா ஒப்பந்தமோ வேறு வகையான பாடம். 1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் இரு தலைவர்கள் பேசி, ஒருவரையொருவர் ஓரளவுக்கு இணக்கி, ஒப்பமிட்டனர். நடத்தவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது. அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். அது வழியில் இம்புல்கொடையில் தடுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் பிக்குமார் ரோஸ்மீட் பிளேசில் பிரதமரின் இல்லத்து முன்றலில் அமர்ந்தனர். அன்றே பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். செல்வநாயகம் அவர்கள் பண்டாரநாயக்காவை இணக்கினார். பண்டாரநாயக்கா தம் மக்களை இணக்கவில்லை. இணக்க முனைந்தாரா என்பதே கேள்வி. மேசைக்கு எதிரே இருப்பவரை இணக்குவதினும் முதுகுக்குப் பின்னால் நிற்பவரை இணக்குவது கடினம். தலைவர்கள் பின்னதைத் தள்ளிப்போடுகின்றனர். ஒப்பந்தங்கள் அங்கேதான் சாகின்றன.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தெற்கைப் பற்றிச் சொன்னபோது தலையசைத்தவர்கள் இதற்கும் தலையசைப்பீர்களா என்று பார்க்கின்றேன்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், கோவிலிலும் கடையிலும் பொதுவிடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் வந்து பத்தாண்டு கழிந்தும் குடாநாட்டுத் தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்கு வேறு பாத்திரம். கோவிலில் வேறு எல்லை. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிற் போராட்டம் நடந்தது. இக்கரவெட்டியின் கன்பொல்லைக் கிராமத்தின் பெயரும் அப்போராட்ட வரலாற்றில் இருக்கின்றது. அன்று பலர் சொன்னது என்ன? "பொறுங்கள், மெல்ல மெல்ல மனம் மாறும், வெருட்டிச் செய்யவேண்டாம்" என்றனர். ஒரு கோப்பைத் தேநீரைக் காசு கொடுத்துக் கேட்பவன் வெருட்டுகின்றானாம்! தடியோடு நின்றவன் வெருட்டவில்லையாம்! இங்கேதான் சொற்களைச் சரியாக வழங்கவேண்டும். ஒருவனுக்கு உரியதை அவன் எடுத்துக்கொள்வதற்கு மற்றவன் மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உரிமைக்கு இணக்கம் முன்நிபந்தனையன்று. சட்டமும் போராட்டமும் கதவைத் திறந்தன. அவை திறந்திருக்கவே வேண்டும். அதன்பின் எஞ்சிய வேலைதான் தெருட்டுதல். கதவைத் திறந்தவர் மனத்தில் அடங்கித் திறந்தாரா, இணங்கித் திறந்தாரா என்ற வேலை. அவ்வேலை முடிந்ததா? திருமணப் பேச்சு வரும்போது நம் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுவது எது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இங்கிருந்து சிறிது தூரத்திலே வதிரியில் தேவரையாளி இந்துக் கல்லூரி இருக்கின்றது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், மற்றப் பள்ளிகள் சரியாசனம் தர மறுத்த பிள்ளைகளுக்காகச் சூரன் அவர்களும் அவரோடு நின்றவர்களும் கண்ட பள்ளியின் வளர்ச்சி அது. பள்ளி தொடங்குபவர் யாரை இணக்கவேண்டும்? எதிர்ப்பவரையா? அன்று. நாளைய கூலியை விட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பவேண்டிய தாய்தந்தையரை. மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை, வெருட்ட அதிகாரமுமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நிகழ்வதுதான் கலப்பற்ற தெருட்டுதல்.

சொல்லாமல் விட முடியாத ஒன்றையும் சொல்கின்றேன். எண்பதுகளிலிருந்து 2009 வரையான காலத்தில், கருத்து வேறுபட்டவனுக்கு மறுமொழி சொல்லும் வழக்கமே இம்மண்ணிற் சுருங்கியது. "துரோகி" என்ற ஒரு சொல் போதுமானதாயிற்று. அச்சொல் சொல்லப்பட்டபின் விளங்கப்படுத்தவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அரச படைகள், இந்தியப் படை, நம் இயக்கங்கள் ஆகிய எல்லோரும் செய்த கொடுமைகளைப் பதிவுசெய்த "முறிந்த பனை" நூலாசிரியருள் ஒருவர், யாழ் மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம. 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நூலில் பிழை உண்டென்று எவரேனும் கருதியிருந்தால், மறுநூல் எழுதியிருக்கலாம். ஊரெல்லாம் ஒரே குரலில் பேசிய அந்நாட்களை ஒற்றுமை என்று இன்றும் சிலர் ஏங்குகின்றனர். அதில் எவ்வளவு இணக்கம், எவ்வளவு அடக்கம் என்று எவரும் அளந்து பார்க்க முடியாது. அளக்க முயன்றவர் இல்லை.

கேட்பதற்குக் கனமான செய்திகளையே சொல்லிக்கொண்டிருக்கின்றேன். நல்லதொன்றையும் சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் இணக்கசபைகள் எழுந்தன, பின்னர் நீங்கின. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இன்று மத்தியஸ்த சபைகள் நடைபெறுகின்றன. நம் ஊர் வழக்கு எது? வேலி! கதியாலை ஆண்டுக்கு ஒரு சாண் தள்ளி நடுவது, பங்குக் கிணற்றில் முறை தவறி இறைப்பது, அயலான் பனையிலிருந்து விழும் ஓலை. இவ்வழக்குகளில் மூன்று மத்தியஸ்தர் அமர்கின்றனர். அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இல்லை என்பதே அச்சபையின் சிறப்பு. இரு பகுதியாரும் உடன்பட்டால் உடன்பாடு எழுதப்படும். உடன்படாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்து நீதிமன்றத்துக்குப் போக விடுவர். அதிகாரமில்லாதபடியால் அவர்கள் பேசித்தான் ஆகவேண்டும். பேசுவதற்கு முன் கேட்டுத்தான் ஆகவேண்டும். நல்ல மத்தியஸ்தர் முதலில் என்ன செய்கின்றார்? எதிராளி சொன்னதை அவன் ஒத்துக்கொள்ளும் விதத்தில் திருப்பிச் சொல்லுமாறு ஒவ்வொருவரையும் கேட்கின்றார். அதைச் செய்ய முடியாதவன் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ளாதவன் யாரை விளங்கப்படுத்துவது? நம் பாராளுமன்ற உறுப்பினருக்கு இந்தப் பயிற்சியை ஒரு மாதம் கொடுத்தாற் கெட்டுப்போகாது.

தேர்தல் வேலைக்குப் புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் அலுவலகத்துக்கு வந்து, இன்று நாற்பது வீடு கொன்வின்ஸ் பண்ணினோம் என்று கணக்கு எழுதாதீர்கள். தமிழில் எழுதுங்கள். எத்தனை வீட்டில் விளங்கப்படுத்தினீர்கள்? எத்தனை வீட்டில் வேலை வாங்கித் தருவோம் என்று பேய்க்காட்டினீர்கள்? எத்தனை வீட்டில் உதவிப்பணம் வெட்டுப்படும் என்று வெருட்டினீர்கள்? எத்தனை வீட்டில் போத்தலைக் கொடுத்து வாக்கை வாங்கினீர்கள்? எத்தனை வீட்டார் உங்களை மறுத்துப் பேசினர், அவர்கள் சொன்ன காரணம் யாது? இந்தக் கடைசிக் கேள்விக்கு உரிய பத்தி வெறுமையாக இருந்தால், அன்று நீங்கள் எவரோடும் பேசவில்லை என்று கட்சிக்காரர் அறிந்துகொள்ளலாம்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கின்றார். பின்வரிசையில் மூவர் நெடுநேரமாகக் கையுயர்த்தி நிற்கின்றனர். பொன்னம்பலம் அவர்களைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே அவர்களுள் ஒருவர் எழுந்துவிட்டார். தலைவர் அனுமதித்தால் அவரையே முதலிற் கேட்போம்.